டி டிரைவைக் காணோம்: அப்கிரேடுக்குப் பிறகு முதல் அரை மணி நேரம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் எங்கள் கடை மேசைக்கு வந்த கணினிகளில் திரும்பத் திரும்பக் கேட்ட புகார் ஒன்று உண்டு: "புது விண்டோஸ் போட்டமுங்க, டி டிரைவைக் காணோமுங்க." மலையாளம் பேசுகிறவர்கள் வந்தால், "சாரே, டி டிரைவ் காணுன்னில்லா."

கடை இருப்பது கொழிஞ்சாம்பாறையில். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். கல்யாணப் பத்திரிகையைத் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுக்கும் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) கடைக்காரர்கள், தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர்கள், தோப்புக் கணக்கைக் கணினியில் எழுதி வைப்பவர்கள், கோயம்புத்தூர் கல்லூரிகளுக்குப் போய்வரும் பிள்ளைகள் என்று எல்லோரும் வருகிறார்கள். இவர்களில் நிறையப் பேருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. சி டிரைவில் வைத்தால் ஃபார்மட் பண்ணும்போது போய்விடும், டி டிரைவில் வைத்தால் பத்திரம் என்று. சி, டி இரண்டும் ஒரே வட்டில் இருக்கும் இரண்டு பகுதிகள் என்பதும், வட்டு போனால் இரண்டுமே போகும் என்பதும் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தராத விஷயம். அதனால் பத்துப் பதினைந்து வருட வேலை ஒரே ஒரு பிரதியாக டி டிரைவில் கிடக்கிறது.

நான் இதில் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்கிரேடு செய்தவுடன் ஒரு டிரைவ் காணாமல் போனால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் கோப்புகள் அப்போது போயிருக்காது. அதைத் தேடுகிறேன் என்று அடுத்த அரை மணி நேரத்தில் செய்யும் காரியங்களில்தான் போகும்.

காரணம் எளிது. பழைய எம்பிஆர் முறையில் வட்டின் முதல் 512 பைட்டுக்குள்தான் பகுதிகளின் விவர அட்டவணை இருக்கிறது. அதில் ஒவ்வொன்றும் 16 பைட் கொண்ட நான்கு பதிவுகள், ஆக 64 பைட். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்று அந்த 64 பைட் சொல்கிறது. புதிய ஜிபிடி முறையில் அட்டவணை பெரிது. வழக்கமாக 128 பதிவுகள் வரை இடம் உண்டு, வட்டின் கடைசியில் அதற்கு ஒரு நகலும் இருக்கும். எந்த முறையானாலும் அட்டவணை வேறு, கோப்புகள் வேறு. இங்கே பலருக்கும் எல்லைக்கு இரண்டு பக்கமும் நிலம் இருப்பதால் அவர்களிடம் நான் இப்படிச் சொல்வது வழக்கம்: அளவுக்கல்லைப் பிடுங்கிப் போட்டால் தோப்பு மறைந்துவிடாது, ஆனால் கல் இல்லாத நிலத்தில் இன்னொருவர் ஏர் ஓட்டிவிட்டால் பயிர் போய்விடும். இதைச் சொன்னதும் கணினியை அணைத்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

எனவே டிரைவைக் காணோம் என்றால் முதலில் எதையும் எழுதாமல் பார்ப்பது. விண்டோஸ் உயிரோடு இருந்தால் ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, அங்கே தெரிவதை ஃபோனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். படம் பிடிக்கச் சொல்வதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பிறகு எது நடந்தாலும், முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி.

அந்தத் திரையில் டி டிரைவுக்குரிய பகுதி அதே அளவில், என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) என்ற பெயரோடு, ஆனால் எழுத்து மட்டும் இல்லாமல் இருந்தால், பயப்பட ஒன்றுமே இல்லை. வலது கிளிக் செய்து டிரைவ் எழுத்தைக் கொடுத்தால் வந்துவிடும். அப்கிரேடுக்குப் பிறகு இது நிறைய நடக்கிறது. சில சமயம் ஈ என்று வேறு எழுத்து விழுந்திருக்கும். டேலி போன்ற கணக்கு மென்பொருள் பழைய எழுத்தில் தரவைத் தேடிவிட்டு, இல்லை என்று சொல்லும். எழுத்தை மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

பகுதி தெரிகிறது, ஆனால் என்டிஎஃப்எஸ் என்று வராமல் 'ரா' (அதாவது உள்ளே இருப்பது விண்டோஸுக்குப் புரியவில்லை) என்று வருகிறது, திறந்தால் ஃபார்மட் செய்யச் சொல்லிக் கேட்கிறது என்றால், அங்கேதான் நிறுத்த வேண்டும். இப்படி ஒருவர் ஃபோனில் கூப்பிட்டார்.

"அண்ணா, ஃபார்மட் பண்ணோணும்னு கேக்குதுங்க. ஓகே குடுத்தரட்டுங்களா?"

"வேண்டாங்க. கேன்சல் குடுத்துட்டு கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிருங்க. சாயங்காலம் எடுத்துட்டு வாங்க."

அவர் அப்படியே கொண்டுவந்தார். அவருடைய பகுதியின் தலைப்பில் இருந்த பூட் செக்டர் (பகுதியின் அமைப்பைச் சொல்லும் முதல் துண்டு) மட்டும் கெட்டுப்போயிருந்தது. என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டரின் நகல் ஒன்றைப் பகுதியின் கடைசி செக்டரில் வைத்திருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டி, கடைசியில் இருப்பதை முன்னால் கொண்டுவந்து போடுகிறது. எல்லாக் கோப்பும் அப்படியே இருந்தன. அன்று ஓகே அழுத்தியிருந்தால், அல்லது யாரோ சொன்னார்கள் என்று விண்டோஸின் செக்டிஸ்க் கருவியைத் திருத்தச் சொல்லி ஓட்டியிருந்தால், கதை வேறாகியிருக்கும். செக்டிஸ்க்கின் நோக்கம் கோப்பு அமைப்பை ஒழுங்காக்குவது. உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது அதன் முதல் வேலை அல்ல. அது பொருந்தாத பதிவுகளை வெட்டி, துண்டுகளாகத் தனி அடைவில் கொட்டிவிடும். கோப்புகளுக்கு வேறு பிரதி இல்லாத வட்டில் அதை ஓட்டாதீர்கள்.

இனி அந்த டிடிபி கடை. இது நான் செய்ததில் மனதுக்கு மிக நெருக்கமான வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

500 ஜிபி ஹார்ட் டிஸ்க். முன்னால் சின்ன சிஸ்டம் பகுதி, பிறகு சி, பிறகு டி. டி டிரைவில் பேஜ்மேக்கர் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள்: இந்த வட்டாரத்துக் கல்யாணங்கள், காதுகுத்து, கோயில் நோம்பி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில்தான். அப்பா கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையைக் காட்டி, 'இதே மாதிரி வேணும்' என்று மகன் வந்து நிற்கிற கடை அது. புது விண்டோஸ் போட வந்த பையன், நிறுவும்போது, இந்த வட்டில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது, யுஇஎஃப்ஐ (ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸின் புதிய வடிவம்) கணினியில் ஜிபிடி வட்டில் மட்டுமே நிறுவ முடியும் என்ற செய்தியைப் பார்த்திருக்கிறார். அதைத் தாண்ட, அங்கே தெரிந்த எல்லாப் பகுதிகளையும் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, மொத்த வட்டையும் ஒரே சி டிரைவாக்கி விண்டோஸைப் போட்டுவிட்டார். அந்தச் செய்தியைத் தேடினால் பல இடங்களில் இந்த வழிதான் சொல்லப்பட்டிருக்கும். எந்தத் தரவும் இல்லாத வட்டுக்கு அது சரியான வழியும்கூட.

ஆனால் அந்த வட்டில் மூன்றே மூன்று முதன்மைப் பகுதிகள்தான். விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பு முதல் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி விண்டோஸோடு கூடவே வருகிறது. முதன்மைப் பகுதிகள் மூன்றுக்கு மேல் இல்லாமலும், எக்ஸ்டெண்டட் பகுதி (தனக்குள் வேறு பகுதிகளை வைத்திருக்கும் பகுதி) எதுவும் இல்லாமலும் இருந்தால், கோப்புகளைத் தொடாமலேயே அட்டவணையை அது மாற்றிவிடும். முதலில் 'வேலிடேட்' கொடுத்துச் சோதிக்கலாம். சரி என்றால் 'கன்வெர்ட்'. பிறகு பயாஸுக்குள் போய் லெகசி என்ற பழைய முறையிலிருந்து யுஇஎஃப்ஐக்கு மாற்ற வேண்டும், இல்லையென்றால் பூட் ஆகாது. அப்படிச் செய்திருந்தால் அந்த டி டிரைவ் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும். இந்தக் கருவியைப் பற்றி எங்கள் பக்கத்துச் சர்வீஸ் பையன்களிடம் நான் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன்.

அந்த டிடிபி கடைக்கார அண்ணன் கணினியைக் கொண்டுவந்தபோது நல்லவேளையாக அதில் வேறு எதுவும் செய்திருக்கவில்லை. நான் அதை ஆன் செய்யவே இல்லை. வட்டைக் கழற்றி, லினக்ஸ் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) ஓடும் என் கணினியில் மாட்டி, முதலில் ஸ்மார்ட்சிடிஎல் கொண்டு வட்டின் உடல்நிலையைப் பார்த்தேன். இடம் மாற்றப்பட்ட செக்டர்கள், மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு எண்களும் பூஜ்யமாக இருந்தால் மனசுக்கு நிம்மதி. பிறகு டிடிரெஸ்க்யூ கொண்டு மொத்த வட்டையும் இன்னொரு வட்டுக்குப் பிரதி எடுத்தேன். 500 ஜிபி நகல் எடுக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தைச் செலவழிக்கத் தயாராக இல்லாதவர் மீட்பு வேலைக்கே இறங்கக்கூடாது என்பது என் எண்ணம். மூலத்தைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை.

டெஸ்ட்டிஸ்க்கில் சாதாரணத் தேடலில் புது சி டிரைவ் மட்டும் தெரிந்தது. 'டீப்பர் சர்ச்' கொடுத்தபின், பழைய டி டிரைவின் தொடக்கமும் முடிவும் வந்தது. பகுதியின் முடிவில் இருந்த அந்த நகல் பூட் செக்டர் இங்கேயும் கைகொடுக்கும். புது சி டிரைவ் அதே இடத்தை மூடிக்கொண்டு இருந்ததால் பழையதை அட்டவணையில் மறுபடி எழுதிப் பயனில்லை. அதற்குப் பதிலாக அதே திரையில் 'பி' அழுத்தினால் கோப்புகளின் பட்டியல் வரும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். விண்டோஸ் நிறுவல் எழுதியது பெரும்பாலும் வட்டின் முன்பகுதியில். டி டிரைவ் பின்னால் இருந்ததால் தப்பித்தது. திறக்காத சில படங்களை மட்டும் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் கொண்டு எடுத்தேன். அது கோப்பின் பெயரைத் திருப்பித் தராது, வெறும் எண்களாகத் தரும்.

கோப்புகளைக் கொண்டுபோய் அண்ணன் கணினியில் திறந்தால், எழுத்தெல்லாம் ஆங்கிலக் குறிகளாகவும் கட்டங்களாகவும் நின்றது. பாமினி எழுத்துருவும், மலையாளத்துக்கு ஐஎஸ்எம் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாகப் போட்டிருந்த எம்எல்-டிடி எழுத்துருக்களும் பழைய சி டிரைவின் ஃபாண்ட்ஸ் அடைவில் இருந்தவை. சி டிரைவ்தான் புதுசாகிவிட்டதே. சித்தூரில் இன்னொரு டிடிபி கடைக்காரர் தன் எழுத்துருக்களை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார், அதற்குப் பிறகுதான் பத்திரிகைகள் பத்திரிகைகளாகத் தெரிந்தன. யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவில் வேலை செய்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: கோப்போடு எழுத்துருவையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். எழுத்துரு இல்லாத பாமினி கோப்பைப் படிக்க முடியாது.

இதே சம்பவம் எஸ்எஸ்டியில் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வட்டில்) நடந்திருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது. எஸ்எஸ்டியில் பகுதியை அழித்து ஃபார்மட் செய்யும்போது, அந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் வட்டுக்கு 'ட்ரிம்' கட்டளை அனுப்புகிறது. வட்டு தன் உள்ளே அந்த இடங்களைத் துடைத்துவிடுகிறது. பிறகு படித்தால் பூஜ்யங்கள்தான் வரும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் 'அழித்தாலும் எடுத்துக்கலாம்' என்று பழகிய கைகள் எஸ்எஸ்டியில் இன்னும் அதே தைரியத்தோடு வேலை செய்கின்றன. அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

லினக்ஸும் விண்டோஸும் ஒரே கணினியில் இருப்பது கேரளப் பள்ளி ஆசிரியர்களிடம் சகஜம். மாநில அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்காக உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் அடிப்படையில் கைட் குனு/லினக்ஸ் தருகிறது. பத்தாம் வகுப்புக்கு ஐடி செய்முறைத் தேர்வே உண்டு. அதனால் வீட்டு லேப்டாப்பிலும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். தமிழ் வழிப் பிரிவில் பாடம் எடுக்கும் டீச்சர் ஒருவருடைய பழைய லேப்டாப் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றது. கிரப் என்பது ஆன் செய்ததும் லினக்ஸா விண்டோஸா என்று கேட்கும் மென்பொருள். விண்டோஸ் 10-ஐ அதன் கடைசிப் பதிப்பான 22எச்2-வுக்குக் கொண்டுபோக இடம் போதாமல், ஈ டிரைவை அழித்து சி-யோடு சேர்த்திருக்கிறார்கள்.

எம்பிஆர் வட்டில் எக்ஸ்டெண்டட் பகுதிக்குள் இருக்கும் லாஜிக்கல் பகுதிகளுக்கு எண் 5-இலிருந்து தொடங்கும். ஐந்தாவதாக இருந்த ஈ போனதும், ஆறாவதாக இருந்த லினக்ஸ் ஐந்தாகிவிட்டது. கிரப் தன் மீதிக் கோப்புகளை இன்னும் ஆறாவது பகுதியில் தேடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"எல்லாம் போயிடுச்சுங்களா? மார்க் லிஸ்ட் எல்லாம் அதுல இருக்குங்க" என்றார் டீச்சர்.

"ஒண்ணும் போகலீங்க டீச்சர். வீட்டு நம்பர் மாறியிருக்குது, அவ்வளவுதான்."

அந்தக் கறுப்புத் திரையில் 'எல்எஸ்' என்று அடித்தால் பகுதிகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் அதே கட்டளையைக் கொடுத்துப் பார்த்து, எதில் பூட் அடைவு தெரிகிறதோ அதுதான் லினக்ஸ். 'செட்' கட்டளையால் ரூட்டையும் பிரிஃபிக்ஸையும் அந்தப் பகுதிக்கு மாற்றி, 'இன்ஸ்மாட் நார்மல்', பிறகு 'நார்மல்' என்று கொடுத்தால் வழக்கமான மெனு வரும். லினக்ஸுக்குள் போனதும் கிரப்-இன்ஸ்டாலை ஓட்ட வேண்டும். அதை மொத்த வட்டுக்குக் கொடுக்க வேண்டும், பகுதி எண்ணோடு கொடுக்கக்கூடாது. கடைசியாக அப்டேட்-கிரப். இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த முறை ஆன் செய்யும்போது மறுபடி அதே கறுப்புத் திரைதான்.

லினக்ஸ் ஒன்றரை நிமிடம் ஏதோ ஒரு வட்டுக்காகக் காத்திருந்துவிட்டுப் பிறகு பூட் ஆகிறது என்றால், எஃப்ஸ்டேப் கோப்பில் (பூட் ஆகும்போது இணைக்க வேண்டிய பகுதிகளின் பட்டியல்), இப்போது வட்டில் இல்லாத ஒரு யுயுஐடி (பகுதியின் அடையாள எண்) எழுதியிருக்கிறது. பெரும்பாலும் அது ஸ்வாப் பகுதியுடையதாக (நினைவகம் போதாதபோது லினக்ஸ் பயன்படுத்தும் இடம்) இருக்கும். இன்னொரு லினக்ஸை நிறுவும்போது ஸ்வாப்பை ஃபார்மட் செய்தால் அதன் யுயுஐடி மாறிவிடும். பிஎல்கேஐடி கட்டளை காட்டும் புது எண்ணை அங்கே எழுதினால் போதும். லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை என்றால், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைப் பாருங்கள். அது ஆன் ஆகியிருந்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பகுதியைப் பாதி பிடித்துக்கொண்டே தூங்குகிறது. பவர் ஆப்ஷன்ஸில் போய் அதை ஆஃப் செய்துவிட்டு ஒரு முறை முழுதாக அணைத்தால் சரியாகிவிடும். பிடிவாதமாக எழுத வைக்கும் குறுக்குவழிகள் உண்டு. நான் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

சி டிரைவ் சிவப்பாகிவிட்டது, பக்கத்தில் காலி இடம் இருந்தும் 'எக்ஸ்டெண்ட்' மங்கலாக இருக்கிறது என்று வருபவர்களும் உண்டு. அங்கே சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவில் ரெக்கவரி பகுதி (விண்டோஸைப் பழுது பார்க்கும் கருவிகள் இருக்கும் பகுதி) உட்கார்ந்திருக்கும். ஒட்டியே இருக்கும் காலி இடத்தை மட்டும்தான் விண்டோஸ் சேர்த்துக்கொள்ளும். பழைய ரெக்கவரி பகுதி போதாவிட்டால் அப்கிரேடின்போது சி-யைச் சுருக்கி இன்னொன்றை உருவாக்கும். அதனால் சிலரிடம் இரண்டு மூன்று ரெக்கவரி பகுதிகள் இருக்கின்றன. 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு இந்தப் பகுதியில் 250 எம்பி இடம் இல்லை என்பதற்காகவே பல கணினிகளில் நிறுவாமல் நின்றது. நான் செய்வது: முதலில் ரீஏஜென்ட்சி கட்டளையால் ரெக்கவரியை முடக்குவது, பிறகு பகுதிகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டெட் மென்பொருள் கொண்டு அந்தப் பகுதியை வட்டின் கடைசிக்கு நகர்த்துவது, விண்டோஸுக்குள் போய் சி-யை நீட்டுவது, கடைசியில் ரெக்கவரியை மறுபடி இயக்குவது. இரண்டு மூன்று இருந்தால், எது பயன்பாட்டில் இருக்கிறது என்று அதே ரீஏஜென்ட்சியின் 'இன்ஃபோ' சொல்லும். அதைப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள்.

சிஸ்டம் ரிசர்வ்டு பகுதியைப் புதுப்பிக்க முடியவில்லை என்று அப்கிரேடே நின்றுபோனால், 100 எம்பி ஈஎஃப்ஐ பகுதி (பூட் கோப்புகள் இருக்கும் சின்னப் பகுதி) நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை மவுண்ட் செய்து (திறந்து பார்க்கும்படி ஒரு டிரைவ் எழுத்தோடு இணைத்து), மைக்ரோசாஃப்ட் பூட் அடைவுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் கோப்புகளை அழித்தால் இடம் கிடைக்கும். வேறு எந்த அடைவிலும் கை வைக்காதீர்கள்.

புது லேப்டாப்புகளில் பார்ட்டிஷன் வேலையைத் தொடங்கும் முன் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரைப் பாருங்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டு போட்டுக்கொள்கிறது. பிறகு செக்யூர் பூட்டையோ பகுதிகளையோ மாற்றினால் நீலத்திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது அந்தக் கணக்கில் சேமித்திருக்கும். கல்லூரி மாணவர் ஒருவருக்கு, லேப்டாப் வாங்கிய கடையில் யார் மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்கு தொடங்கினார்கள் என்றே தெரியவில்லை. அந்த எண் இல்லாமல் என்னாலோ வேறு யாராலோ அதைத் திறக்க முடியாது. பையனின் புராஜெக்ட் முழுதும் அதற்குள் இருந்தது. கடைக்காரரைக் கண்டுபிடித்து, பழைய பில்லைக் காட்டி, அந்த மின்னஞ்சலைத் தேடி எடுத்துத்தான் திறந்தோம். உங்கள் வீட்டில் புது லேப்டாப் இருந்தால் இன்றைக்கே அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

எங்கள் ஊருக்கென்று ஒரு விஷயம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களிலும், துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாலைகளில் இடி இறங்கும்போதும் மின்சாரம் போய்ப் போய் வரும். ஜிபார்ட்டெட் ஒரு பகுதியை நகர்த்திக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதித் தரவு பழைய இடத்திலும் பாதி புது இடத்திலும் நின்றுவிடும். டெஸ்க்டாப்பில் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவதில்லை. லேப்டாப்பானால் பேட்டரி முழுதும் ஏறியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் நகர்த்தும் வேலைகளைக் காலையில் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் முடித்துவிடுவேன்.

இப்போது கடைக்கு அப்கிரேடுக்கு வரும் எந்தக் கணினியிலும், வேலையைத் தொடங்கும் முன் டி டிரைவை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுக்கிறேன். எழுத்துரு அடைவையும் சேர்த்துத்தான். லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்து, எஸ்எஃப்டிஸ்க் கட்டளையால் பகுதி அட்டவணையை ஒரு சின்ன உரைக்கோப்பாக எடுக்கிறேன். அட்டவணை மட்டும் கெட்டால் அதே கட்டளையால் அதைத் திருப்பி எழுதிவிடலாம். அந்தக் கோப்பின் ஒரு பிரதி வாடிக்கையாளரின் வாட்ஸ்அப்புக்குப் போகிறது, இன்னொன்று தாளில் அச்சாகி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டப்படுகிறது. புது விண்டோஸ் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகும் பழைய விண்டோஸ் அடைவை நான் அழிப்பதில்லை. பத்து நாள் வரை பழைய பதிப்புக்குத் திரும்பிப் போக அது வேண்டும். அதற்குள் அவர்களுடைய பிரின்டர், கணக்கு மென்பொருள், பத்திரிகைக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு முறை திறந்து பார்த்துவிடச் சொல்லி அனுப்புகிறேன்.